கடைசி வாய் பஞ்சாமிர்தம்

வேணும்னு திங்கல அத்தை. நீங்க எத்தனை தடவை மாத்தி மாத்திக் கேட்டாலும் இதான் பதில், வேணும்னு திங்கல. அது சாமி பிரசாதம்னு தெரியும். உங்க தம்பி பழனிக்குப் போய் வரிசைல நின்னு வாங்கிட்டு வந்ததுன்னு தெரியும். பிள்ளை பொறந்த உடனே அது நாக்குல தொட்டு வைக்கறதுக்காக மஞ்சப்பைக்கு அடியில, புதுத்துணிக்கு நடுவுல நீங்க பத்திரமா சொருகி வெச்சிருந்தீங்கன்னும் தெரியும். ஆனா காலைல ஆறே முக்காலுக்கு என் சுகர் அம்பத்தி நாலு அத்தை. உங்களுக்கு அது ஒரு நம்பர். எனக்கு அது கை நடுக்கம், உதட்டுல மரப்பு, நாக்கு வேற யாரோடதோ மாதிரி ஆயிடறது, எதிர் செவுத்துல இருக்கற கடியாரம் மெல்லப் பின்னாடி நகர்றது. இன்னும் எறங்கி முப்பதுக்குப் போச்சுன்னா நானும் இல்ல, உள்ள இருக்கறதும் இல்ல. வெறும் வயித்தோட இருந்தாத்தான் ஆபரேஷன், அந்த நேரத்தைக் கெடுக்கணும்னே தின்னேன்னு சொல்றீங்க பாருங்க, அதான் எனக்குப் புரியல. பிள்ளை பொறக்க உங்க ஜோசியர் குறிச்சுக் குடுத்த பதினொன்னு நாப்பத்திரண்டைக் கெடுக்க எனக்குப் பஞ்சாமிர்தம் எதுக்கு, வாய் இருக்கே. ஒரு மாசமா அந்த வாயாலதானே கெடுத்துட்டிருந்தேன். லா காலேஜ்ல ரெண்டு தடவை என்னை மேடையை விட்டு எறங்கச் சொல்லியிருக்காங்க. சத்திரம் பஸ் ஸ்டாண்டுல லேடீஸ் சீட்டுல உக்காந்திருந்த இன்ஸ்பெக்டரையே எழுந்திரிக்க வெச்சவ நான். திருட்டுத்தனமா டப்பாவைத் தொறந்து நக்கித்தான் உங்களை ஜெயிக்கணும்னு எனக்கு என்ன தலையெழுத்து. ஒத்துக்கிட்டவ ஏன் கெடுத்தேன்னு வேற கேக்கறீங்க. நான் எப்ப ஒத்துக்கிட்டேன். ஏதோ எமர்ஜென்சி கேஸ் வந்துச்சு, ஆபரேஷன் லிஸ்ட்ல என்னை மூணாவதா தள்ளிட்டாங்க, அது தற்செயலா உங்க நேரத்துல போய் விழுந்துச்சு, அவ்வளவுதான். ரெண்டு விரல் அத்தை. ரெண்டே விரல் எடுத்து வாய்ல வெச்சேன். மிச்சம் எங்கன்னு கேக்காதீங்க. இதுல ஒரு வார்த்தைகூட வெளிய வரல, எல்லாம் உள்ளதான் ஓடுது. நீங்க கட்டில் கால்மாட்டுல நின்னு பேசிட்டே இருக்கீங்க, உங்க வாய் அசையறது தெரியுது, நான் மேல ஃபேனைப் பாக்கறேன். மூணு றெக்கையில ஒண்ணுல மட்டும் தூசி ஒட்டியிருக்கு. மத்த ரெண்டையும் யாரோ தொடச்சிருக்காங்க, மூணாவதை ஏன் விட்டாங்கன்னு தெரியல.

மரத்துப் போச்சு. மரத்துப் போக முதுகுல போடற ஊசி இன்னும் போடல, அதுக்குள்ள எல்லாம் மரத்துப் போச்சு. பயம் இருக்க வேண்டிய எடத்துல யாரோ பஞ்சை அடைச்சு வெச்ச மாதிரி இருக்கு, அழுத்தினா உள்ள போகுது, விட்டா மேல வருது, சத்தமே இல்ல. உள்ளங்கால் மரத்துப் போனாத்தான் பயப்படணும்னு பதினோரு வயசுலேருந்து டாக்டருங்க சொல்லிட்டிருக்காங்க, சர்க்கரை மொதல்ல நரம்பைத்தான் தின்னுமாம். அதனால தெனமும் குளிக்கும்போது கட்டை விரலைக் கிள்ளிப் பாக்கறது என் பழக்கம். இன்னிக்குக் குனிய முடியல, வயிறு. முகுந்தனைக் கிள்ளச் சொல்லலாம், செவுத்தோரமா ஸ்டூல்ல சும்மாதான் உக்காந்திருக்கான் என் புருஷன். ஆனா அவங்கம்மா, இந்த அத்தை, நிக்கும்போது அவன் என் காலைத் தொட மாட்டான். அம்மா இருந்தா நானும் அவனை நீங்க, வாங்கன்னுதான் சொல்லணும், கல்யாணத்தப்ப போட்ட ஒப்பந்தம். அவங்க அந்தப் பக்கம் போனதும் நீ, வா, போடா. இது ஆபரேஷனுக்கு முன்னாடி படுக்க வைக்கற ரூம். ரெண்டு கட்டில், நடுவுல பச்சைத் திரை. அந்தப் பக்கம் சுகந்தின்னு ஒரு பொண்ணு, அவளுக்கும் நேரம் குறிச்சிருக்கு, ஒம்பது இருபது. ஜங்ஷன்ல வண்டி விடற மாதிரி இந்த ஆஸ்பத்திரில பிள்ளைங்களை நேரம் போட்டு எறக்கறாங்க. திரைக்கு அந்தப் பக்கத்துலேருந்து சுகந்தியோட அம்மா எங்க அத்தைக்கு சமாதானம் சொல்றாங்க. "விடுங்கம்மா, வாயும் வயிறுமா இருக்கற பொண்ணு, பசி தாங்கல, எதையோ வாய்ல போட்டுக்கிச்சு. நானெல்லாம் வலி எடுத்தப்புறம் ரெண்டு இட்லி தின்னுட்டுத்தான் ஆஸ்பத்திரிக்கே கெளம்பினேன்." பசி இல்லம்மா, பசின்னா தாங்குவேன், பசியும் நானும் பழைய சிநேகிதம். இதையும் சொல்லல. எஸ்தர் சிஸ்டர் வராங்க, மணி எட்டு, ஒவ்வொரு மணிக்கும் விரல்ல குத்திப் பாக்கணும். "விரலைக் காட்டு பொற்கொடி." எந்த விரல் சிஸ்டர்னு கேக்கறேன். "வலிக்காததாக் காட்டு." எல்லாமே வலிக்காததுதான் சிஸ்டர், பதிமூணு வருஷமாக் குத்திக் குத்தி விரல் நுனியெல்லாம் காய்ச்சுப் போய் கெடக்குன்னு நடு விரலை நீட்டறேன். சிரிக்கறாங்க. மெஷினைப் பாத்ததும் சிரிப்பு நிக்குது. "நூத்தி எழுபத்தொண்ணு." டிரிப்புல இன்சுலினை ஏத்தி வைக்கறாங்க. போகும்போது திரும்பி என் மூஞ்சைப் பாக்கறாங்க. ரெண்டு விரலுக்கு இவ்ளோ ஏறுமான்னு அந்தப் பார்வை கேக்குது. ஏறாது. எனக்குத் தெரியும், ஏறாது. ரெண்டு விரலுக்கு நூறு, மிஞ்சினா நூத்திப் பத்து.

நம்பர் பொய் சொல்லாது. மனுஷங்க சொல்லுவாங்க, நான் சொல்லுவேன், நம்பர் சொல்லாது. பதினோரு வயசுல ஸ்கூல்ல மயங்கி விழுந்தப்ப நானூத்திச் சொச்சம்னு ஒரு நம்பர் வந்துச்சு, அதுக்கப்புறம் என் ஜாதகமே நம்பர்தான். என் உடம்புல இன்சுலின் சுரக்கறது இல்ல, ஒரு சொட்டு இல்ல, அதனால வெளியிலேருந்து ஊசில போட்டாகணும், தெனம் நாலு தடவை, சாகற வரைக்கும். இதுல இனிப்புத் தின்னது திங்காதது ஒண்ணுமே கெடையாது. ஆனா தெருவுல ஒருத்தர் விடாம எங்கம்மாவைக் கேட்டாங்க, சின்னப் பொண்ணுக்கு சர்க்கரையா, மிட்டாய் நெறைய வாங்கிக் குடுத்தியான்னு. அம்மா ஒவ்வொருத்தருக்கா பதில் சொல்லிச் சொல்லி அப்புறம் கதவைச் சாத்திக்க ஆரம்பிச்சுது. நான் கதவைத் தொறந்து வெச்சுக்கிட்டு பதில் சொன்னேன். எனக்கு வாய் வந்தது அப்படித்தான், யாரும் சொல்லிக் குடுக்கல. அப்புறம் முகுந்தன் வந்தான், லவ்வுதான், அவன் வீட்ல ஒத்துக்கிட்டாங்க, ஒத்துக்கிட்டாங்கன்னா என்ன, சொந்தக்காரங்ககிட்ட தைராய்டுன்னு சொல்லிக்கலாம்னு முடிவாச்சு. தைராய்டு மரியாதையான வியாதி, மாத்திரையை முழுங்கிட்டுப் போயிடலாம். கல்யாண மண்டபத்துல பட்டுப்புடவையோட பாத்ரூம்ல நின்னு, ஈரத்துல கொசுவம் நனையாம ஒரு கையால தூக்கிப் பிடிச்சுக்கிட்டு, இன்னொரு கையால வயித்துல ஊசி போட்டுக்கிட்டேன். வெளிய அத்தையோட நாத்தனார் கதவைத் தட்டறாங்க, முகூர்த்தத்துக்கு நேரமாச்சு, என்னம்மா பண்றேன்னு. அன்னிக்கும் நேரம்தான். வளைகாப்புக்கு எல்லாரும் ஆளுக்கு ஒரு வாய் ஊட்ட வந்தாங்க, அஞ்சு வகைச் சாதம், அதுல சக்கரைப் பொங்கல் வேற. ஊட்டின ஒவ்வொரு கையையும் சிரிச்சுக்கிட்டே மனசுக்குள்ள கணக்குப் போட்டேன், இந்த அக்கா கைக்கு அரை யூனிட் இன்சுலின், அந்தப் பெரியம்மா கைக்கு ஒரு யூனிட். தைராய்டுப் பொண்ணு எதையும் வேண்டாம்னு சொல்லக் கூடாது. இப்ப இந்த ரூம்லகூட அத்தை மெதுவாத்தான் பேசறாங்க, சுகர்னு வர்ற எடத்துல மட்டும் குரல் இன்னும் கீழ போகுது, திரைக்கு அந்தப் பக்கம் கேட்டுடப் போகுதேன்னு. உள்ள இருக்கறது ஒதைக்குது. ஒண்ணு. நல்லா அசையுதான்னு பத்து ஒதை எண்ணணும். பொறந்ததும் அதுக்கும் குத்திப் பாப்பாங்க, குதிகால்ல. அம்மா சர்க்கரை அதுக்கும் போய், அது அதிகமா இன்சுலினை சுரந்து வெச்சிருக்கும், தொப்புள் கொடியை வெட்டினதும் அதுக்கு சர்க்கரை தடால்னு எறங்கும்னு சொல்லியிருக்காங்க. பொறந்த உடனே நம்பர். உனக்கும் நம்பர்தான் மொதல்ல, பேரெல்லாம் அப்புறம்.

அதனாலதான் மொதல் கேஸ்னு சொன்னது. பெரிய டாக்டரம்மா ஏழாவது மாசத்துலயே சொல்லிட்டாங்க, டைப் ஒன் பேஷண்டை பட்டினி போட்டு மத்தியானம் வரைக்கும் படுக்க வைக்க முடியாது, காலைல ஏழரை, லிஸ்ட்ல மொதல் பேரு. எனக்கு அந்த வார்த்தை புடிச்சிருந்துச்சு, மொதல் பேரு. அட்டெண்டன்ஸ்ல நான் எப்பவும் நாப்பதுக்கு மேல. அந்த ஏழரையைத்தான் அத்தை பதினொன்னு நாப்பத்திரண்டா மாத்தப் பாத்தாங்க, ஒரு மாசமா. புதன்கிழமை, வளர்பிறை, அந்த நட்சத்திரத்துல பொறந்தா பிள்ளை மேடையேறுமாம், ஏழரைக்குப் பொறந்தா தகப்பனுக்கு ஆகாதாம். தகப்பனுக்கு ஆகாதுன்னா தகப்பன் ஒரு ரெண்டு மணி நேரம் வெளியூர் போயிட்டு வரட்டும்னு நான் சொன்னேன். சாப்பிட்டுட்டிருந்த முகுந்தனுக்குப் பொறையேறிடுச்சு. அவன் பிசிக்ஸ் வாத்தியார். கிரகணம்னா நிழல்தான், ராகுவும் இல்ல கேதுவும் இல்லன்னு போர்டுல படம் போட்டுக் காட்டற ஆளு, கிரகணத்தன்னிக்குப் பிள்ளைங்களை வெளிய கூட்டிட்டு வந்து பிஸ்கட் குடுத்துத் திங்க வெச்ச ஆளு. அதைப் பாத்துத்தான் அவனைப் புடிச்சுது எனக்கு. அம்மாவை நான் பாத்துக்கறேன், நீ சண்டை போடாத, உனக்கு பி.பி. ஏறும், ஏழரைன்னா ஏழரைதான்னு அவன் சொன்னான். என் தலைல கை வெச்சு வேற சொன்னான், நான் அதுக்கும் கிண்டல் பண்ணினேன், சயின்ஸ் வாத்தியார் சத்தியம் பண்றாருன்னு. அந்த ஏழரையை நம்பித்தான் நேத்து ராத்திரி ஒம்பது மணிக்கு இன்சுலின் போட்டுக்கிட்டேன், காலைல ஆறு மணிக்கு டிரிப் ஏறும், ஏழரைக்கு தியேட்டர், எட்டுக்குள்ள பிள்ளை, அந்தக் கணக்குக்கு எவ்ளோ வேணுமோ அவ்ளோ. காலைல ஆறு மணிக்கு டிரிப் வரல. முகுந்தன் வந்து கட்டில் ஓரமா நின்னுக்கிட்டு, எமர்ஜென்சி கேஸ் வந்துடுச்சாம் பொற்கொடி, நாம மூணாவதாம்னு சொன்னான். எத்தனை மணிக்குன்னு கேட்டேன். பதினொன்னரை, பதினொன்னே முக்கால் ஆகும் போலன்னான். அட, உங்கம்மாவோட ஜோசியர் எமர்ஜென்சியையும் சேத்து கணிச்சிருக்கார் போலன்னு நான்கூட சிரிச்சேன். அவன் சிரிக்கல. அம்மா ஆட்டோல வந்துட்டிருக்காங்க, கூட்டிட்டு வந்துடறேன்னு கீழ போனான். போகும்போது மஞ்சப்பையை கட்டிலுக்கு அடியில தள்ளி வெச்சுட்டுப் போனான், கால்ல இடறிடும்னு.

ஆறே முக்கால். அதைத்தான் திரும்பத் திரும்ப ஓட்டிப் பாக்கறேன். வேர்த்துச்சு. ஏ.சி. ரூம்ல வேர்த்தா எனக்கு வேற அர்த்தமே கெடையாது. என் மெஷின்ல குத்திப் பாத்தேன், அம்பத்தி நாலு. மணியை அழுத்தினேன். நைட் டியூட்டி சிஸ்டர் பகல் டியூட்டி சிஸ்டருக்கு வேலையை ஒப்படைக்கற நேரம் அது, ரெண்டு பேரும் உள் ரூம்ல, யாரும் வரல. திரையை விலக்கிக் கூப்பிடலாம்னா சுகந்தியை இன்னும் மேல கொண்டு வரல, காலிக் கட்டில். கையில குளுக்கோஸ் பாக்கெட் இருக்கணும். நான் இல்லாத எடத்துல கூட அது இருக்கும், நீல காலேஜ் பேக்ல முன் ஜிப்புல, பதிமூணு வருஷமா எந்த பேக்னாலும் அதே முன் ஜிப்பு. ஆனா நல்ல காரியத்துக்குப் பழைய பேக் வேண்டாம், மஞ்சப்பைலதான் எடுத்துட்டுப் போகணும்னு அத்தை எல்லாத்தையும் மாத்தி அடுக்கினாங்க. துண்டு வந்துச்சு, பிள்ளைத் துணி வந்துச்சு, விபூதிப் பொட்டலம் வந்துச்சு, குளுக்கோஸ் வரல. ஆஸ்பத்திரில இல்லாத குளுக்கோஸான்னு கேட்டிருக்காங்க. நியாயமான கேள்விதான், சட்டத்துல நிக்கும். கை உள்ள போய் துழாவுச்சு, டப்பா மாட்டுச்சு. மூடியைத் தொறக்க முடியல, விரல் சொன்ன பேச்சைக் கேக்கல, பல்லால கடிச்சு இழுத்தேன். மொதல் விரல். வாழைப்பழம், நெய், பேரீச்சம்பழம். ரெண்டாவது விரல், கல்கண்டு பல்லுல நொறுங்குச்சு, அந்த சத்தம் மண்டைக்குள்ள அவ்ளோ பெருசாக் கேட்டுச்சு. இதுதான் நான் எல்லார்கிட்டயும் சொல்ற ரெண்டு விரல். இதுக்கு அப்புறம் என்ன ஆச்சுன்னு சொல்லல. சுகர் எறங்கினவளுக்குப் பசிக்கறது வயிறு இல்ல, மூளை, அது நிறுத்துன்னு சொல்லத் தெரியாத மூளை. மூணு, நாலு, அப்புறம் எண்ணல, விரலை வளைச்சு கரண்டி மாதிரி வழிச்சேன். அப்படியே வழிச்சுட்டிருக்கும்போது நடுக்கம் நின்னுடுச்சு, எனக்குத் தெரியும், நின்னுடுச்சு. கடியாரம் செவுத்துல தன் எடத்துக்கு வந்துடுச்சு, மணி ஏழாக ஏழு நிமிஷம், பளிச்சுன்னு தெரிஞ்சுது. அப்பவும் கை உள்ள போச்சு. அந்தக் கடைசி வாய்ல பதினொன்னு நாப்பத்திரண்டு ஞாபகம் வந்துச்சா. வந்துச்சுன்னா, நல்லா வேணும்னு தோணுச்சா. இல்ல வெறும் இனிப்பா, பதிமூணு வருஷமா கணக்குப் பாக்காம ஒரே ஒரு வாய் திங்கணும்னு இருந்த ஆசையா. அந்த எடம் வந்ததும் நெனப்பு முள்ளுல துணி மாட்டின மாதிரி நின்னுடுது, இழுத்தா கிழியுது, மறுபடி முதல்லேருந்து, ஆறே முக்கால், வேர்த்துச்சு, மணியை அழுத்தினேன். டப்பாவோட அடி நகத்துல தட்டுச்சு. மூடி போட்டு தலகாணிக்கு அடியில வெச்சுட்டேன். எஸ்தர் சிஸ்டர் ஓடி வந்து என்னம்மா கையெல்லாம் பிசுபிசுன்னு இருக்குன்னு கேட்டப்ப ரெண்டு விரல்னு வாய்ல வந்துச்சு. பொய் எனக்கு இவ்ளோ சுளுவா வரும்னு எனக்கே தெரியாது. மயக்க டாக்டருக்கு போன் பண்ணினாங்க, வந்து பாத்துட்டு முடிவு சொல்றேன்னு அவங்க சொல்லிட்டாங்க. இப்ப பின்மண்டைல டப்பாவோட விளிம்பு உறுத்துது. உறுத்தறது தெரியுது, ஆனா வலிக்கல. ஒதை, ரெண்டு. ரெண்டா, மூணா.

மயக்க டாக்டர் வந்துட்டாங்க, டாக்டர் நசீமா, என்னை விட நாலஞ்சு வயசுதான் கூட இருக்கும், கண்ணுக்குக் கீழ கருவளையம், தூங்காத மூஞ்சி. சுகந்தியைத் தள்ளுவண்டில ஏத்திட்டிருக்காங்க, அவங்கம்மா அவ நெத்தியில விபூதி வைக்கறாங்க, வார்டு அக்கா வண்டியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறாங்க, திரையை முழுசா விலக்கிட்டாங்க, ஒரு சந்தை மாதிரி ஆயிடுச்சு ரூம். "பொற்கொடி, நேராக் கேக்கறேன், நேராச் சொல்லுங்க. எவ்ளோ சாப்டீங்க?" நான் பதில் சொல்றதுக்கு முன்னாடி முகுந்தன் எழுந்திரிச்சுட்டான். "ரெண்டு விரல்தான் டாக்டர், சும்மா டேஸ்ட் மாதிரி." டாக்டர் அவனைப் பாக்கல. "ரெண்டு விரல்னா பதினொன்னே முக்காலுக்கே எடுத்துடலாம். நெறைய சாப்பிட்டிருந்தா ஆறு மணி நேரம் முழுசா ஆகணும், ஒரு மணி ஆயிடும். முதுகுல போடற ஊசி சில சமயம் சரியாப் புடிக்காது, அப்ப முழு மயக்கம் குடுக்கணும். வயித்துல சாப்பாடு இருந்தா அது மேல ஏறி நுரையீரலுக்குள்ள போயிடும். அதனாலதான் கேக்கறேன், உங்களை மாட்டி விடறதுக்கு இல்ல." ஒரு மணி. புதன்கிழமை ஒரு மணின்னா ராகு காலம், அத்தை சொல்லவே வேண்டாம், அவங்க மூஞ்சில வெளிச்சம் அணையறதுலயே தெரியுது. ரெண்டு விரல்னு சொன்னா எல்லாருக்கும் நல்லது. நேரம் நிக்கும், பிள்ளை மேடையேறும், நான் கெடுத்தவ இல்ல. டப்பான்னு சொன்னா அத்தை சொன்னது அத்தனையும் நெஜமாயிடும். டாக்டர் ஃபைலைப் பொரட்டறாங்க. "நீங்க மொதல் கேஸாத்தானே இருந்தீங்க, ஏழரைக்கு. நல்லபடியா முடிஞ்சிருக்கும். சரி, வீட்ல கேட்டு மாத்தியிருக்கீங்க, இனி பேசி என்ன." எமர்ஜென்சி வந்துச்சுல்ல டாக்டர்னு கேட்டேன், என் குரல்தான், காலைலேருந்து மொதல் தடவையா கிண்டல் இல்லாம வெளிய வந்த முழு வாக்கியம். "எமர்ஜென்சியா? ராத்திரி ஒண்ணும் வரலையே." அந்த பேப்பரை நான் பாக்கலாமான்னு கேட்டேன். முகுந்தன் கட்டில் கிட்ட வந்துட்டான். "பொற்கொடி, இப்ப எதுக்கு அது, டென்ஷன் ஆகாத, சுகர் ஏறும்." டாக்டர், உங்க ஃபைல்தானேன்னு என் கைல குடுத்துட்டாங்க. இங்கிலீஷ்ல எழுதியிருந்துச்சு, நேத்து ராத்திரி ஒம்பது நாப்பது, நான் ஊசி போட்டுட்டுப் படுத்து நாப்பது நிமிஷம் கழிச்சு. உறவினர் கேட்டுக்கொண்டதால் மூணாவது கேஸா மாத்தப்பட்டது. தாமதத்தால நோயாளிக்கும் பிள்ளைக்கும் வரக்கூடிய ஆபத்து விளக்கிச் சொல்லப்பட்டது, சம்மதம். கீழ முகுந்தனோட கையெழுத்து, கடைசி எழுத்துல வால் நீட்டி, புள்ளி வெச்சு. அந்த வாலை எனக்குத் தெரியும், ரிப்போர்ட் கார்டுல போட்டுப் போட்டுப் பழகின வால். கோவம் வரும்னு காத்திருந்தேன். பஸ்ஸுக்கு நிக்கற மாதிரி நின்னேன். வரல. அந்தப் பேப்பரோட ஓரத்துல பிஞ்சிருந்த பஞ்ச் ஓட்டையைத் தடவிக்கிட்டே இருந்தேன். என்கிட்ட எமர்ஜென்சின்னான். அம்மாகிட்ட பொற்கொடி ஒத்துக்கிட்டான்னு சொல்லியிருக்கான், அதான் அத்தை காலைலேருந்து ஒத்துக்கிட்டவ ஒத்துக்கிட்டவன்னு சொல்லிட்டிருந்திருக்காங்க, நான்தான் காதுல வாங்கல. ரெண்டு பேரையும் சண்டை போடாம பாத்துக்கிட்டானாம். நடுவுல என் சுகரையும் உள்ள இருக்கறதோட மூச்சையும் வெச்சுட்டுக் கீழ போயிட்டான், ஆட்டோவுக்கு. ஒதை. மூணு. இது நிச்சயமா மூணு.

தலகாணிக்கு அடியில கை விட்டேன். டப்பாவை எடுத்து வயித்து மேல வெச்சேன், வேற மேஜை இல்ல எனக்கு. மூடியைத் தொறந்து டாக்டர் பக்கமாச் சாய்ச்சுக் காட்டினேன். ரெண்டு விரல்னு சொன்னது பொய் டாக்டர், முழு டப்பா, நக்கியிருக்கேன் பாருங்க, அடி தெரியுது. மொதல் வாய் உயிருக்குத் தின்னேன். கடைசி வாய் எதுக்குத் தின்னேன்னு எனக்கே தெரியல, அத்தை சொல்றது அந்த ஒரு வாய்க்குப் பொருந்தினாலும் பொருந்தும், அதையும் எழுதிக்கோங்க. ஒரு மணிக்கே எடுங்க. எனக்கு வந்து பதிமூணு வருஷமா சர்க்கரை வியாதி இருக்கு, தைராய்டு இல்ல, இதை நான் திரைக்கு அந்தப் பக்கம் இருக்கறவங்களுக்கும் சேத்துத்தான் சொல்றேன். சுகந்தியோட அம்மா விபூதி விரலோட அப்படியே நின்னுட்டாங்க. "அய்யோ பாவம், இந்த வயசுல சர்க்கரையா, இனிப்பு நெறைய" ன்னு ஆரம்பிச்சாங்க, எஸ்தர் சிஸ்டர் அவங்க தோளைத் தொட்டு நிறுத்திட்டாங்க. டாக்டர் நசீமா வாட்சைப் பாத்து எழுதினாங்க, பன்னெண்டு அம்பத்தஞ்சுக்கு அப்புறம். "டிரிப் ஓடட்டும், அரை மணிக்கு ஒரு தடவை சுகர் பாருங்க, பிள்ளையோட துடிப்பைக் கேட்டுக்கிட்டே இருங்க. சொன்னதுக்கு தேங்க்ஸ் பொற்கொடி, இது முக்கியம்." அத்தை என்னைப் பாக்கல, டப்பாவைப் பாக்கல, என் கைல இருக்கற பேப்பரைப் பாத்துட்டிருக்காங்க. இங்கிலீஷ் படிக்க வராது அவங்களுக்கு, ஆனா பெத்த பிள்ளை கையெழுத்து எந்த பாஷைல இருந்தாலும் தெரியும். வெளிய போய்ப் பேசிக்கலாம்மான்னு முகுந்தன் அவங்க முழங்கையைப் பிடிக்கறான், கண்ணாலயே என்கிட்டக் கெஞ்சறான், அப்புறம் சொல்லிக்கலாம், பிள்ளை பொறக்கட்டும், வீட்டுக்குப் போகட்டும். எத்தனை பாத்ரூம்டா முகுந்தா. எத்தனை தடவை கதவைச் சாத்திக்கிட்டு. என் பொய் ரெண்டு மணி நேரம் இருந்துச்சு, இதோ வயித்து மேல தொறந்து கெடக்கு, யாரு வேணா எட்டிப் பாக்கலாம். அத்தை, எங்கயும் போகாதீங்க, அந்த ஸ்டூல்ல உக்காருங்க. டாக்டர், ஒரே நிமிஷம், நீங்களும் இருங்க. வார்டு அக்கா, வண்டியைத் தள்ளாதீங்க, ஒம்பது இருபதுக்கு இன்னும் நேரம் இருக்கு. முகுந்தா, இந்தா, உன் கையெழுத்து. ஆபத்து விளக்கிச் சொல்லப்பட்டதுன்னு போட்டிருக்கு. என்ன விளக்கினாங்க, நீ என்ன கேட்ட, கேட்டுட்டு எதுக்குப் போட்ட. என்னைப் பாத்து சொல்ல வேண்டாம், உங்கம்மாவைப் பாத்து சொல்லு. வெளிய இல்ல. இங்க, இத்தனை பேர் முன்னாடி, வராண்டா கடைசி வரைக்கும் கேக்கற மாதிரி சொல்லு.